விழாக் குண்டு

ஈச்சந்துறையில் விழுந்த குண்டுகளைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. விழாமல் நின்ற ஒன்றைப் பற்றித்தான் நாடே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது என்பதால், கதையையும் அந்த ஒன்றிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. சண்டை எங்கோ வடக்கே நடக்கிறது, தெற்கே கடல் நம்முடையது, இங்கே எவன் வரப்போகிறான் என்று பெரிய மனிதர்கள் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சந்தை நாள் காலையில், மீன் ஏலம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது எதிரியின் விமானங்கள் கடல் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து, துறைமுகத்தையும் சந்தையையும் உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கிகளையும் தரைமட்டமாக்கிவிட்டுப் போயின. போகிற போக்கில் கடைசியாகப் போட்ட குண்டு மட்டும், வலைக்காரத் தெருவில் சூசையம்மாள் வீட்டுக்கு நேர் மேலே, முற்றத்துத் தென்னையின் கொண்டைக்கும் மேலே, மூக்கைக் கீழே நீட்டியபடி வந்து நின்றது. நின்றது நின்றதுதான். கயிறில்லை, கம்பியில்லை, காற்றடித்தால் ஆடவுமில்லை.

சூசையம்மாள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்கு ஓடினாள், ஏனென்றால் அவள் புருஷன் தொம்மை ஏலத்தில் நின்றுகொண்டிருந்தான். இடுப்பு பெல்ட்டை வைத்துத்தான் அவனை அடையாளம் கண்டாள். அவனைப் புதைத்துவிட்டு அவள் வீடு திரும்பியபோது குண்டு அங்கேயே இருந்தது, அதன் வாலில் இரண்டு காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

அவள் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது குண்டு அல்ல. அதற்கு முந்தின நாள் நடந்த ஒன்று. கடலுக்குப் போய்விட்டு வந்த தொம்மை, வலையைக்கூட உதறாமல் நேராகத் துறைமுக அதிகாரி தாண்டவராயன் வீட்டுக்குப் போனான். கடலுக்குள் பாறைத்திட்டாகக் கிடக்கிற பாருக்கு அந்தப் பக்கம் கொடியில்லாத கப்பல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருந்தான். அன்றைக்குத் தாண்டவராயன் மகளுக்குக் காதுகுத்து. வாசலில் வாழைமரம், உள்ளே நாதஸ்வரம், துப்பாக்கி பிடிக்கவேண்டிய கைகளெல்லாம் இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தன. மீன் வாடையோடு வாசலில் நின்று தொம்மை விஷயத்தைச் சொன்னான். தாண்டவராயன் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே, "ஏலே, இன்னைக்குக் காதுகுத்து எம் மகளுக்கா, எனக்கா?" என்று கேட்டார். பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. "நாளைக்கு சாயங்காலம் வா, பாத்துக்கிடலாம்" என்று தாம்பூலப் பையைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்த தொம்மை பையைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு, "சொல்லிட்டேன், நாளைக்கு சாயங்காலம் பாப்பாவளாம்" என்று மட்டும் சொன்னான். மறுநாள் சாயங்காலம் அவன் சவக்குழியில் இருந்தான். தாண்டவராயன் விருந்துக் களைப்பில் மாமனார் ஊரில் தூங்கிக்கொண்டிருந்த காரணத்தால் உயிரோடு இருந்தார், உயிரோடு இருந்த காரணத்தால் பதக்கமும் வாங்கினார்.

குண்டு வந்து நின்ற புதிதில் தெருவே காலியானது. இரண்டு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் காயப்போட்ட கருவாட்டை எடுக்க வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். ஒருத்தி தங்கினால் மற்றவர்களுக்கு என்ன, எல்லோரும் வந்துவிட்டார்கள். குண்டின் நிழல் மரியபுஷ்பம் வீட்டுப் படியைத் தொட்டால் உலை வைக்கிற நேரம், கிணற்றைத் தொட்டால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் பட்டம் அதன் வால் துடுப்பில் சிக்கிக்கொள்ளும். பட்டம் சிக்கியதற்காக அழுகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் முதுகில் ஒன்று போடுவார்கள். தலைநகரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் தெருமுனையில் நின்றே பார்த்துவிட்டு, தொடாமல் இருந்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல அவர் ரயிலேறி வந்திருக்கவேண்டியதில்லை.

முதல் வருஷ நினைவு நாள் வந்தது. செத்தவர்களுக்குப் பூசை வைத்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, வாய்விட்டு அழுது தீர்ப்பது என்றுதான் தெருவில் முடிவாகியிருந்தது. ஊருக்குத் தெரிவிக்க ஒரு நோட்டீஸ் அடிக்கச் சொல்லி அச்சகக்காரர் கோலப்பனிடம் போனார்கள். வெறும் அச்சகக்காரர் என்று யாராவது சொன்னால் கோலப்பனுக்குக் கோபம் வரும்; அவர் இலக்கணம் படித்தவர். 'குண்டு விழாமல் நின்ற நாள்' என்று அவர்கள் எழுதிக்கொண்டுபோனதை, இது என்ன சமையல்கட்டுத் தமிழ் என்று அடித்துவிட்டு, வாடாத மலர் வாடா மலர் ஆவதுபோல விழாத குண்டு விழாக் குண்டு ஆகும், இதற்குப் பெயர் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று ஒரு பாடம் நடத்திவிட்டு, 'விழாக் குண்டு நாள்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார். நாட்டில் கோலப்பன் ஒருவர்தான் இலக்கணம் படித்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் நோட்டீஸைப் படித்தார்கள், விழா என்று படித்தார்கள், புதுத்துணி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பஞ்சுமிட்டாய்க்காரன் வந்தான், ராட்டினக்காரன் வந்தான், பேண்டு வாத்தியம் வந்தது. மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குக் கிளம்பிய தெருப் பெண்களை, விழாவும் அதுவுமாக இது என்ன கோலம் என்று வந்தவர்கள் முறைத்தார்கள். குண்டுக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டு, அப்போது நினைவுக் கமிட்டித் தலைவராகியிருந்த தாண்டவராயன் ஏறினார். நோட்டீஸை ஒரு தரம் பார்த்தார், கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று கண்டுபிடிக்கிற திறமைக்குப் பதக்கம் இருந்தால் அதையும் அவருக்கே கொடுத்திருக்கவேண்டும். "விழா உள்ளவரை குண்டு விழா" என்றார். கூட்டம் கைதட்டியது. அந்த ஒரு வரியில் அவர் மந்திரியானார்.

அதற்கப்புறம் என்ன, வருஷா வருஷம் விழா. விழா எடுத்தால் குண்டு விழாது, விழா நின்றால் விழுந்துவிடும் என்பது முதலில் மேடைப் பேச்சாக இருந்தது, பிறகு பாடப் புத்தகத்தில் ஏறியது, பிறகு சட்டமானது. குண்டு வடிவத்தில் லட்டு பிடித்தார்கள், பிள்ளைகளுக்குக் குண்டுத் தொப்பி தைத்தார்கள், தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஆள் ஏற்றி அதற்கு மாலை போட்டார்கள். குண்டு போட்டவன் நாடு பிற்பாடு நட்பு நாடாகி, உப்பு வாங்க ஒப்பந்தம் போட்டதும், அந்த நாட்டுத் தூதரே முன்வரிசையில் உட்கார்ந்து, எங்கள் பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்களே என்று நெகிழ்ந்தார். வலைக்காரத் தெருவில் பெண் கொடுக்கப் பயந்தவர்களெல்லாம், குண்டு பார்த்த வாசல் இருக்கிறதா என்று கேட்டுப் பெண் கொடுக்க ஆரம்பித்தார்கள். அழுகைக்கு மட்டும் அந்த நாளில் இடமில்லை. யாராவது அழுதால் குண்டு ஆடும் என்று யாரோ கிளப்பிவிட, யாருடைய தொண்டையாவது அடைத்தாலே தொண்டர் படை ஓடிவந்து வாயில் லட்டைத் திணித்தது. புருஷனைப் பறிகொடுத்தவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் துக்கத்தை முந்தின நாளுக்கு மாற்றிக்கொண்டார்கள், பிறகு சௌகரியப்பட்ட நாளுக்கு மாற்றிக்கொண்டார்கள், பிறகு சௌகரியப்படவே இல்லை.

முதல் விழா முடிந்த கையோடு தெருமுனையில் ஒரு நினைவுக்கல் நட்டிருந்தார்கள். 'எதிர்பாராத தாக்குதலில் இன்னுயிர் ஈந்தோர்க்கு' என்று அதில் வெட்டியிருந்தது. அந்த முதல் வார்த்தையைப் பார்த்த அன்றே சூசையம்மாள் கைக்குழந்தையோடு மந்திரி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவளுக்குக் கல் வேண்டாம், உதவித்தொகை வேண்டாம், மேடையில் நாற்காலி வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போகவேண்டும், அவ்வளவுதான். "எங்க வீட்டுக்காரரு எதிர்பாத்தாரு. வந்து சொன்னாரு. நீங்கதான் சிரிச்சிய" என்றாள். தாண்டவராயன் கோபப்படவில்லை. கோபப்படுகிற கட்டத்தையெல்லாம் அவர் தாண்டிவிட்டிருந்தார். "நல்லா யோசிச்சுப் பாரு தாயி. எதிர்பாராமன்னு போட்டாத்தான் செத்தவன் தியாகி, இருக்கவன் வீரன். எதிர்பாத்துட்டுச் சும்மா இருந்தோம்னு போட்டா, நாமெல்லாம் யாரு?" என்று கேட்டார். அதைத்தானே நானும் கேட்கிறேன் என்று அவள் சொல்வதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

அந்தக் கைக்குழந்தைதான் பனிமயம். அப்பாவின் உயரம், அம்மாவின் குரல். வாலிபனானதும் மைக் செட் வைத்துக்கொண்டு கல்யாண வீடு, கோயில் கொடை என்று போய்க்கொண்டிருந்தவனை விழாக் கமிட்டி பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் விழாவில் நினைவுரையை வாசிப்பவன் அவன்தான். 'அன்று காலை, அமைதியாக இருந்த நம் நாட்டின்மீது, எதிர்பாராத' என்று அவன் குரல் ஒலிபெருக்கியில் ஏறும்போது கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும், பள்ளிப் பிள்ளைகள் கூடவே உதட்டை அசைப்பார்கள், சூசையம்மாள் அடுப்படிக்குள் போய்விடுவாள். மகனோடு அவள் சண்டை போட்டதில்லை. ஒரே ஒரு தடவை, சோறு போட்டுக்கொண்டே, "உங்கப்பாவ நாக்குமேல பல்லப்போட்டுப் பொய்யராக்குதியே" என்று சொன்னாள். அவன் தலைகுனிந்து சாப்பிட்டான். "எழுதிக் கொடுத்தத வாசிக்கேன், எம்மா. நானா எழுதினேன்?" என்றான். நாட்டில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், அதனால் அவனை மட்டும் குற்றம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

குண்டு இறங்கிக்கொண்டிருந்ததை முதலில் கண்டுகொண்டவளும் அவள்தான். அதற்குப் பெரிய கண் வேண்டியதில்லை, கீழே குடியிருந்தால் போதும். முதலில் தென்னைக்கு மேலே இருந்தது. பிறகு தேங்காய் பறிக்க ஏறினவன் தலையில் இடித்துக்கொண்டு இறங்கிவந்தான். பிறகு ஓட்டுக்கூரையின் முகட்டுக்கு நேராக வந்து நின்றது. பிறகு தெருப் பக்கம் பந்தல் போடுகிறவன் கையை நீட்டினால் மூக்கைத் தொடலாம் என்றானது. ஏணியைப் பாதியாக வெட்டிய தீயணைப்பு அதிகாரிக்குச் சிக்கனத்துக்காகப் பாராட்டுக் கிடைத்தது. மந்திரி ஒரு பொறியாளர் குழுவை அனுப்பினார். அவர்கள் நாடாவைப் பிடித்தார்கள், கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் குண்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, நாடுதான் உயர்ந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். அதைக் கேட்டு நாடு பூரித்துப்போனது. உயர்ந்த நாடு என்று தபால்தலை வந்தது. முன்வரிசைக்கு மட்டும் குள்ளமானவர்களாகப் பார்த்து அழைப்பு அனுப்பினார்கள்.

கடைசி விழாவுக்கு முந்தின வாரம், அது அவள் வீட்டு முற்றத்தில் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. சூசையம்மாள் குனிந்துதான் தண்ணீர் எடுக்கப் போகவேண்டியிருந்தது. ஒரு நாள் காலை அதன் வயிற்றில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ மெல்ல உருண்டது. அன்றைக்கே கிளம்பி மந்திரி வீட்டுக்குப் போனாள். இந்த முறை வார்த்தையைப் பற்றிப் பேசவில்லை.

"ஐயா, அது இந்த விழாவுக்குள்ள விழுந்துரும். மேடைய மாத்திப் போடுங்க. கடற்கரையில போடுங்க. எம் மவன் அதுக்கடியில நின்னுதான் வாசிக்கணும்னு என்ன இருக்கு?"

தாண்டவராயன் கிழடு தட்டியிருந்தார். பல் போனாலும் சிரிப்புப் போகவில்லை. "வீட்டுக்காரன் ஜோசியம் பாத்தான், இப்ப நீ பாக்குதியா?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பந்தியில் சிரித்தவர்களின் பிள்ளைகள்தான் அவர்கள், சிரிப்பும் அதே சிரிப்பு. "விழா முடியட்டும், அப்புறம் வா, பாத்துக்கிடலாம்."

அந்த 'பாத்துக்கிடலாம்' காதில் விழுந்ததும் சூசையம்மாளுக்கு உள்ளுக்குள் எல்லாம் அடங்கிப்போனது. இனி யாரிடமும் சொல்லிப் பிரயோசனமில்லை. மரியபுஷ்பத்திடம் சொன்னாள், அவள், வாயைக் கழுவு, நல்ல நாளும் பொழுதுமாக என்றாள். மகனிடம் சொன்னாள், அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சலு ஒண்ணும் இல்லியே" என்றான். இத்தனைக்கும் அவன் அந்த முற்றத்தில் குனிந்துதான் நடந்துகொண்டிருந்தான்.

விழா அன்று காலை வலைக்காரத் தெருவில் எள் விழ இடமில்லை. முற்றத்து மதிலை இடித்து, குண்டை நடுவில் வைத்து மேடை போட்டிருந்தார்கள். குண்டின் மூக்கில் ரிப்பன் கட்டி, வாலில் பலூன் கட்டியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் குண்டுத் தொப்பியோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மந்திரி வழக்கம்போலத் தாமதம், தூதர் விருந்தினர் மாளிகையில் இன்னும் பலகாரத்தை முடிக்கவில்லை. பனிமயம் மேடையில் நின்று ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், குனிந்தபடி. சூசையம்மாள் பின்வாசல் வழியாக வெளியே வந்து, தெருவைத் தாண்டி, கிட்டங்கி மதிலைத் தாண்டி, தொம்மை கடைசியாகப் படகை இழுத்துப்போட்ட மணலில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முடியை அவிழ்த்துவிட்டு, ஒப்பாரி வைத்தாள்.

உபாயமாகத்தான் தொடங்கினாள், அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்த நாளில் அழுதால் ஊரே அடிக்க ஓடிவரும் என்பது அவளுக்குத் தெரியும், ஓடிவரவேண்டும் என்பதுதான் அவளுக்கு வேண்டியது. ஆனால் பாருக்கப்பால் பாத்தவரே, பந்தியில சிரிக்கப்பட்டவரே, சொன்ன சொல்லு நிக்கலியே, சொன்னவரும் நிக்கலியே என்று இரண்டு அடி சொல்லிமுடிப்பதற்குள் உபாயம் எங்கோ போய்விட்டது. இருபது வருஷத்துக்கும் மேலாகக் கட்டிவைத்தது ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு வந்தது. மாரில் அடித்துக்கொண்டாள், மணலை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள், அவள் குரல் கிட்டங்கி மதிலில் மோதித் தெருவுக்குள் போய்ப் பேண்டு வாத்தியத்தை நிறுத்தியது.

"அழுதா, அழுதா, குண்டு விழாவில எவளோ அழுதா" என்று தொண்டர் ஒருவன் கத்திக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான், தெரு கிளம்பிவிட்டது. நாட்டைக் காப்பாற்றப் போகிற ஆவேசத்தில் நாற்காலிகள் கவிழ்ந்தன. தொண்டர் படை லட்டுக் கூடையோடு ஓடியது, போலீஸ் ஓடியது, குண்டுத் தொப்பி போட்ட பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமலே சந்தோஷமாக ஓடினார்கள், மரியபுஷ்பம் விளக்குமாற்றோடு ஓடினாள், குண்டுக்குக் காவல் நின்ற காவலாளியும் ஓடினான். எல்லோருக்கும் முன்னால் பனிமயம் ஓடிவந்தான். "எம்மா, வாய மூடு. கொன்னுருவாவ எம்மா" என்று அவள் வாயைக் கையால் பொத்தினான். அவன் விரல்களில் கண்ணீர் இறங்கியது. அவன் அம்மா அழுது அவன் பார்த்ததேயில்லை, அன்றைக்குத்தான் பார்த்தான். கூட்டம் மணலில் வந்து சேர்ந்து, முதல் விளக்குமாறு ஓங்கியபோது, முதுகுக்குப் பின்னால் குண்டு விழுந்தது.

வலைக்காரத் தெரு இல்லாமல் போனது. மேடை, பந்தல், தென்னை, சூசையம்மாள் வீடு, மரியபுஷ்பம் வீடு, தெருமுனை நினைவுக்கல், எல்லாம் போனது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. பிள்ளைகள் தொப்பியைத் தடவிக்கொண்டு புகையைப் பார்த்தார்கள். ஓங்கின விளக்குமாற்றை மரியபுஷ்பம் இறக்கினாள். அந்தக் கணத்தில் அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் விஷயம் புரிந்தது என்று சூசையம்மாள் நம்பினாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய தவறு அவள் செய்ததில்லை. புரிந்துதான் இருந்தது. ஆனால் அதை முதலில் சொல்லப்போவது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதற்குள் மந்திரியின் கார் வந்துவிட்டது.

அவள் அழுததால்தான் குண்டு விழுந்தது என்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. நட்பு நாட்டுத் தூதர் வருத்தம் தெரிவித்தார், தங்கள் பொருள் சேதமடைந்ததற்காக. தலைநகரிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார், மரியாதையான மனிதர், அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். தெருவே விசாரணைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பனிமயம் தூணோரமாக நின்றான்.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப்போறேன்மா," என்றார் அதிகாரி. "குண்டு விழும்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெரியாதுன்னா, ஏதோ துக்கத்துல அழுதுட்டீங்க, நானும் எதிர்பாராத சம்பவம்னு எழுதி மூடிடுவேன். நீங்க இப்பவே மகனோட வீட்டுக்குப் போகலாம். தெரியும்னு சொன்னா அது சதி. தெரிஞ்சவங்கதானே விழவச்சிருக்கணும்."

சூசையம்மாள் மகனைப் பார்த்தாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனோடு போய்விடலாம். வீடில்லாவிட்டாலும் எங்காவது ஒரு குடிசை கட்டிக்கொள்ளலாம், அவனுக்கு ஒரு கல்யாணம் பண்ணிப் பார்க்கலாம். அந்த ஆசை அவளுக்கு இருந்தது. ஆனால் தெரியாது என்று சொன்னால் அந்த வார்த்தை இன்னொரு கல்லில் ஏறும், இந்த முறை அவள் வாயாலேயே ஏறும்.

"தெரியும்," என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் குண்டு தெரிஞ்சுது, எனக்கு இந்தக் குண்டு தெரிஞ்சுது. இந்தா இருக்காவளே, இவ்வளவு பேருக்குந்தான் தெரியும். தலைக்கு மேல தொங்குனத தெரியாதுன்னு சொல்ல நான் என்ன குருடியா?"

அதிகாரி கூடத்தைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். மரியபுஷ்பம் தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். தீயணைப்பு அதிகாரி கூரையைப் பார்த்தார். கோலப்பன், இத்தனை வருஷம் கழித்து இலக்கணம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனிமயத்தின் வாய் திறந்து மூடியது. ஒலிபெருக்கி இல்லாமல் அவனுக்குப் பேசிப் பழக்கமில்லை. தாக்குதலை எதிர்பார்த்த குற்றத்துக்காகச் சூசையம்மாளை, துறைமுகத்தில் அன்றைக்கு இடியாமல் மிஞ்சி இப்போது சிறையாகியிருந்த பழைய கிட்டங்கியில் அடைத்தார்கள்.

குண்டு போனதால் விழா நின்றுவிடும் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு இந்த நாட்டைத் தெரியாது. பள்ளமாகிப்போன இடத்தைச் சமன்படுத்தி, இரும்புக் கம்பம் நட்டு, சுண்ணாம்புச் சாந்தில் முன்னதைவிடப் பெரிதாக ஒரு குண்டு செய்து சங்கிலியில் தொங்கவிட்டார்கள். இது நிஜமாகவே விழாது என்பதால் பக்தி இரட்டிப்பானது. புதுக்கல்லும் நட்டார்கள்: 'இரண்டு எதிர்பாராத தாக்குதல்களின் நினைவாக'. சிறையில் கஞ்சி ஊற்றுகிறவள் அதைச் சொன்னபோது சூசையம்மாள் சட்டியை நகர்த்திவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விழா நாள் வந்தது. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைச் சிறைக்கூரைக்கே திருப்பிக் கட்டியிருந்தார்கள், கைதிகளும் நாட்டு மக்கள்தானே. பேண்டு வாத்தியம் ஓய்ந்தது, மந்திரியின் இருமல் ஓய்ந்தது. பிறகு அவள் மகனுடைய குரல் வந்தது. போன வருஷத்துக்குப் பிறகு அவனை அவள் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை. கொஞ்சம் கரகரத்திருந்தது, சரியாகச் சாப்பிடுகிறானோ இல்லையோ என்று நினைத்தாள்.

"அன்று காலை," என்றான் பனிமயம். "அமைதியாக இருந்த நம் நாட்டின்மீது..."

நின்றுவிட்டான்.

சூசையம்மாள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் மறக்கவில்லை என்பது பெற்றவளுக்குத் தெரியாதா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த இடத்தை அவன் காலியாக விட்டிருந்தான், அவன் அப்பாவுக்காக விட்டிருந்தான், எழுதிக் கொடுத்ததை வாசிப்பதை அன்றைக்குத்தான் அவன் நிறுத்தியிருந்தான். இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடி மக்களே, யாராவது ஒருத்தருக்காவது உறைக்கும் என்று மகனிடம் சொல்வதுபோல உதட்டுக்குள் சொன்னாள்.

கூட்டம் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது. பையனுக்கு மறந்துவிட்டது, பாவம், அம்மா ஜெயிலில் இருக்கிற கவலை என்று இரக்கப்பட்டது. இரக்கப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் தொடங்க, பெண்கள் சேர்ந்துகொள்ள, ஆயிரக்கணக்கான வாய்கள் ஒன்றாக அவனுக்கு எடுத்துக்கொடுத்தன: "எதிர்பாராத."

பனிமயம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டான். குழாய் செத்தது. ஆனால் சிறை தெருவிலிருந்து அவ்வளவு தூரமில்லை; குழாய் இல்லாமலே அவர்கள் மீதி நினைவுரை முழுவதையும், யாரும் வாசிக்காமல், யாரும் எடுத்துக்கொடுக்காமல், ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிமுடித்து, தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டது சூசையம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது.